காலைக் கட்டத்தில் விழுந்த கோடு

நியாயத்தின்மீது இன்னும் பற்று மிச்சமிருப்பவர்கள் வில்லாபுரத்து மருந்துக்கடை ஒன்றின் முன் வந்து நில்லுங்கள். கண்ணாடிப் பெட்டியின்மேல் கிடக்கும் அந்தக் காகித உறையைப் பாருங்கள். காலை, மதியம், இரவு என்று மூன்றே கட்டங்கள். வாரம் ஒருமுறை மட்டும் உட்கொள்ளவேண்டிய மருந்துக்கு அதில் இடமே இல்லை. ஆயினும் அந்த மருந்து அதுபோன்ற ஓர் உறைக்குள்தான் போயிற்று. காலைக் கட்டத்தில் ஒரு கோடும் விழுந்தது. கோட்டை இழுத்தவள் கடையில் வேலை பார்க்கும் அஸ்வினி.

அது இரண்டு மாதங்களுக்கு முந்தைய கதை. மழைக்காலச் சளிக்காய்ச்சல் தெருத்தெருவாக நடந்த நாள்கள். கொத்தனார் முத்திருளன் இருமி இருமி விலா நொந்து கிடக்க, அவர் மனைவி ஒச்சாயி மருத்துவர் சீட்டு எதுவுமின்றிக் கடைக்கு வந்தாள். சளி என்று யார் வந்தாலும் இருமல் மருந்தோடு வைட்டமின் டி பொடியையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்பது கடைக்காரர் அழகுபாண்டியின் கட்டளை. நாளெல்லாம் சாரத்தின்மேல் நின்று மதுரை வெயிலை முதுகில் வாங்குகிறவருக்கு, வெயிலின் சத்தைப் பொட்டலத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அவர் உடம்பில் அது குறைந்திருக்கிறதா என்று கேட்க ஒரு நாவும் அசையவில்லை. வாரத்துக்கு ஒன்று என்று அன்றைய நெரிசலில் வாயால் சொன்னாளா, இல்லையா என்பது அஸ்வினிக்கே நினைவில்லை.

பத்து நாளில் இருமல் தானாக வடிந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பெருமையெல்லாம் பொடிக்குப் போயிற்று. அன்றுமுதல் விடிந்தால் பாலில் ஒரு பொட்டலம். தீரத் தீர வந்து வாங்கினாள் ஒச்சாயி. எதற்கு இத்தனை என்று கடையில் எவரும் கேட்கவில்லை.

ஆறு வாரம் கழித்து ஒரு காலையிலும் வந்தாள்.

"அந்தச் சத்துப்பொடி பத்து குடு தாயி. ரெண்டு வாரமா மனுசனுக்குச் சோறு எறங்கல. குடங்குடமாத் தண்ணி குடிக்கிறாரு, அம்புட்டையும் வாந்தி எடுக்குறாரு. நேத்து என்னையவே யாருன்னு கேட்டாரு. பெரியாஸ்பத்திரியில சேத்திருக்கேன்."

அஸ்வினியின் கை நின்றது. "தெனமுமா குடுத்தீங்க, பெரியம்மா?"

"ஒரு நா விட்டதில்ல. நீ போட்ட கோடுதானத்தா" என்று பழைய உறையைப் பெருமையோடு நீட்டினாள் ஒச்சாயி.

மருத்துவமனையில் இதைச் சொன்னீர்களா என்று அஸ்வினி கேட்டாள். மருந்து ஏதும் சாப்பிட்டாரா என்று அவர்கள் கேட்டதற்கு, ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தாள் ஒச்சாயி. பொடி அவளுக்கு மருந்தல்ல, ஆகாரம்.

அழகுபாண்டி அஸ்வினியை உள்ளே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "சத்து யாரையும் கொல்லாதும்மா. அப்படியே கொன்னாலும் கோடு உன்னோடது, என்னோடதில்ல. அந்த உறையக் குடு, கிழிச்சுப் போட்டுருவோம்."

வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான் வருமானம். ஆனால் உறையைப் பிடித்த விரல்கள் தளரவில்லை.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறேண்ணே" என்றாள். பொடி வந்த அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டாள்.

ஷேர் ஆட்டோவில் ஒச்சாயியிடம் தன் பிழையை ஒளிக்காமல் சொன்னாள். ஒச்சாயி அவளை ஏசவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"அப்ப, ஊட்டுனது நாந்தான" என்றாள்.

வைகைப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. பெரியாஸ்பத்திரி இருக்கும் கோரிப்பாளையம் பக்கமிருந்து ஹார்ன் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நொடியும் அந்த மனிதரின் இரத்தத்தில் என்ன ஏறுகிறதோ என்று நினைத்தாள் அஸ்வினி. இறங்கினாள், ஒச்சாயியின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு வண்டிகளின் இடுக்கில் ஓடினாள்.

பணியிலிருந்த மருத்துவர் பெட்டியைப் படித்தார். நாள்களை எண்ணச் சொன்னார். வைட்டமின் டி மிஞ்சினால் இரத்தத்தில் கால்சியம் ஏறும் என்று உடனே அதைப் பார்க்க அனுப்பினார். அளவு எல்லை கடந்திருந்தது. சிறுநீரகம் அடிபட்டிருந்தது. சலைன் ஏறத் தொடங்கியபின் அவர் சொன்னார்: "உடம்புல கொறஞ்சவங்களுக்கு இது மருந்து. வந்த சளியை இது வெரட்டும்னு யாரும்மா சொன்னா?"

நான்காம் நாள் முத்திருளன் மனைவியைப் பெயர் சொல்லி அழைத்தார். சிறுநீரகம் முழுதாகத் திரும்புமா என்பதற்கு இன்னும் விடையில்லை. அஸ்வினிக்கு வேலை போயிற்று. அழகுபாண்டியின் கடையில் சளிக்காரர்களுக்கு இன்றும் அதே பொடிதான்.

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அவள் ஒரு மனு எழுதியிருக்கிறாள். சீட்டில்லாமல் இதை விற்கக்கூடாது, விற்கும் ஒவ்வொன்றிலும் உட்கொள்ளும் கிழமையை எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். முதல் வரியில் தன் குற்றத்தை எழுதி, அடியில் கையெழுத்திட்டிருக்கிறாள். அதற்குக் கீழே காகிதம் வெறுமையாகக் கிடக்கிறது. அனுதாபம் வேண்டாம், பேனாவை எடுங்கள், உங்கள் பெயரை எழுதுங்கள்.