ரெய்டாரின் நாற்காலி

ரெய்டார் உல்ஸ்டாட் அமைச்சரான அன்று எங்கள் தீவில் வீட்டுக்கு வீடு கொடியேற்றினார்கள். நானும் ஏற்றினேன். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் அவள் நினைத்த சந்தோஷம் இல்லை. எங்கள் நாட்டில் அமைச்சராகிறவன் நாடாளுமன்றத்தில் வாக்களிக்கிற உரிமையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அவனுடைய நாற்காலியில், கட்சிப் பட்டியலில் அவனுக்கு அடுத்த பெயர்க்காரர் வந்து உட்காருவார். அடுத்த பெயர் யோர்டிஸ். அதாவது நான். அதைப் பட்டியலில் சேர்த்தவனும் அவனேதான்.

என்மேல் கொண்ட மரியாதையால் சேர்க்கவில்லை. என் வாயை அடைக்கத்தான்.

என் கணவன் ஹால்டோர், கார், லாரிகளை முன்கதவு வழியாக ஏற்றிக்கொண்டு தீவுக்கும் கரைக்கும் இடையே ஓடிய வண்டிப் படகின் கேப்டன். ரெய்டாரும் அவனும் ஒரே பள்ளிக்கூடம். ரெய்டார் வெறும் உறுப்பினராக இருந்த காலத்தில், ஓர் இலையுதிர் காலத்து ஞாயிற்றுக்கிழமை, என் சமையலறையில் உட்கார்ந்து வாஃபிள் தின்றுகொண்டிருந்தான். அப்போதுதான் ஹால்டோர் சொன்னான்.

"ரெய்டார், படகோட முன்கதவுக் கீல் இத்துப் போச்சு. பெரிய அலை ஒண்ணு அடிச்சா பிச்சுக்கிட்டுப் போயிடும். ஒஸ்லோவுல போய்ச் சொல்லு."

"வசந்தம் வரைக்கும் ஓட்டுப்பா. எல்லாம் நல்லா இருக்குன்னு போன மாசம்தான் கூட்டத்துல பேசினேன். இப்பப் போய் ஓட்டைன்னு சொன்னா என் மூஞ்சியில துப்புவாங்க."

"கடல் துப்பினா?"

ரெய்டார் வாய்விட்டுச் சிரித்தான். இன்னொரு வாஃபிளை எடுத்தான். அதன்மேல் ஜாம் வைத்தது நான்.

ஜனவரியில் கதவு போனது. படகும் போனது. ஹால்டோரோடு சேர்த்து ஒன்பது பேர். விசாரணையில் ரெய்டார் எழுந்து நின்று, கதவைப் பற்றி யாரும் தன்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றான். அதோடு விட்டானா? கேப்டனுக்குக் கொஞ்சம் குடிப்பழக்கம் உண்டென்று ஊரில் பேச்சு என்றும் சொன்னான். ஹால்டோர் குடியைப் பாவமென்கிற ஜெபவீட்டுக்காரன், கிறிஸ்துமஸ் பீரைக்கூடத் தொடாதவன். பெண்டாட்டி சொன்னால் எடுபடுமா? விசாரணைக்காரர்கள் எனக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து கடைக்குப் போனால் எதிரில் வந்தவர்கள் தெருவின் அந்தப் பக்கம் மாறி நடந்தார்கள். மற்ற எட்டுப் பேரையும் குடிகாரன் ஒருவன் கொன்றான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

அடுத்த தேர்தலுக்குத் தீவிலிருந்து ஒரு பெண் பெயர் வேண்டும் என்று கட்சி கேட்டபோது, ரெய்டார் என்னைச் சொன்னான். "யோர்டிஸ் பாவம். ஒரு ஓரமா உக்காந்து கையுறை பின்னிக்கிட்டிருப்பா" என்றானாம். கட்சிக்காரியானால் கட்சிக்காரனைத் தூற்ற மாட்டேன் என்று கணக்குப் போட்டிருக்கிறான். நான் சரி என்றேன். திட்டம் எதுவும் அப்போது இல்லை. அவனை என் கண் பார்வையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

நான் ஒஸ்லோ வந்த முதல் நாள் அவனே என்னைச் சபைக்குள் அழைத்துப்போய் நாற்காலியைத் தட்டிக் காட்டினான். "நல்லா உக்காந்துக்க. இங்க சபையைக் கலைக்கிறதும் கிடையாது, உறுப்பினர் ராஜினாமா பண்றதும் கிடையாது. மாட்டினா நாலு வருஷம் மாட்டினதுதான்!" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

கட்சி எழுந்தபோது எழுந்தேன், உட்கார்ந்தபோது உட்கார்ந்தேன், நடுவில் கையுறை பின்னினேன். எங்கள் சபையில் கட்சிவாரியாக இல்லை, மாவட்டவாரியாகத்தான் இருக்கை. அதனால் எனக்கு இடப்பக்கம் எதிர்க்கட்சி தூர்ஸ்டைன். எங்கள் கரைக்காரர், நல்ல மனிதர், நூலுருண்டை உருண்டால் குனிந்து எடுத்துத் தருவார்.

அப்போதுதான் வடக்கே ஓர் அரசுத் தொழிற்சாலை விவகாரம் வெடித்தது. அரசாங்கத்தின்மேல் நம்பிக்கையில்லை என்று எதிர்க்கட்சிகள் தீர்மானம் கொண்டுவந்தன. எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் ஒருவர் மிச்சமில்லாமல் எதிர்த்தால் ஒரே வாக்கில் அரசாங்கம் தப்பும். கட்சிக் கொறடா பெர்ன்ட், காய்ச்சலில் கிடந்தவர்களைக்கூடக் கம்பளி சுற்றிக் கூட்டிவந்திருந்தான்.

அன்று காலை, சிற்றுண்டிச் சாலையில் நான் வீட்டிலிருந்து கட்டிவந்த ரொட்டியைப் பிரித்தபோது ரெய்டார் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"யோர்டிஸ், தூங்கிடாத. இன்னிக்கு எழுந்திரிக்கணும்."

"எழுந்திரிக்கிறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், செய்வியா?"

"கேளு, கேளு."

"இன்னிக்கு மேடையில பேசுவ இல்ல? முடிக்கறப்ப சொல்லு. கதவு இத்துப் போனது எனக்குத் தெரியும், ஹால்டோர் சொன்னான், அவன் குடிக்கிறவன் இல்ல, நான் சொன்னது பொய். அவ்வளவுதான்."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாகக் கரைந்தது. "பைத்தியமா உனக்கு? இன்னிக்கா? அதைச் சொன்னா நானும் தொலைஞ்சேன், அரசாங்கமும் தொலைஞ்சுது."

"சொல்லாட்டியும் தொலையும்."

அவன் எட்டி என் தோளைத் தட்டினான். "நீ அப்படிச் செய்யற ஆள் இல்ல. உங்கப்பா காலத்துலேருந்து நம்ம கட்சி. இதெல்லாம் முடியட்டும். கோடையில ஊருக்கு வர்றேன், ஹால்டோர் கல்லறையில நானே பூ வெக்கிறேன், போதுமா?"

"கல்லறையில அவன் இல்லையே, ரெய்டார். அவன் இன்னும் கிடைக்கல."

அவனுக்கு அது மறந்தே போயிருந்தது. மறந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அந்த நொடிவரை எனக்குள் ஏதோ ஒரு மூலையில் தயக்கம் இருந்தது. ரொட்டியை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன்.

ரெய்டார் நன்றாகத்தான் பேசினான். உழைக்கும் மக்கள் என்றான், கடலோர மக்கள் என்றான். ஹால்டோர் என்று சொல்லவில்லை. இறங்கிப்போய் முன்னால் அமைச்சர்கள் இருக்கையில், எனக்கு முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தான்.

சபைத் தலைவர் வழக்கமான வாசகத்தைச் சொன்னார். தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் உட்கார்ந்திருக்கலாம், எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். நாற்காலிகள் சரசரத்தன. எங்கள் ஆட்கள் எழுந்தார்கள். காய்ச்சல்காரர்களும் எழுந்தார்கள். நான் கையுறையின் கட்டைவிரலைப் பின்னிக்கொண்டிருந்தேன்.

தூர்ஸ்டைன் பதறிப்போய் என் பக்கம் குனிந்தார். பாவம், அவர் கட்சிக்கு லாபம் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. "அம்மா, எழுந்திரிங்க. உங்க ஆளுங்க எழுந்துட்டாங்க, நீங்க கவனிக்கல."

"கவனிச்சேங்க" என்றேன்.

பின்வரிசையிலிருந்து பெர்ன்ட், "அக்கா! யோர்டிஸக்கா!" என்று அடித்தொண்டையில் கத்தினான். தலைவர் இன்னொரு முறை எண்ணச் சொன்னார். ஒரே வாக்கில் அரசாங்கம் விழுந்தது. நான் தலையை நிமிர்த்தி ரெய்டாரைப் பார்த்தேன். தன் சொந்த நாற்காலி தன்னைக் கவிழ்ப்பதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து நிற்க அவனுக்கு உரிமையில்லை. அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வெளியே பத்திரிகைக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, ஏன் எழவில்லை என்று கேட்டார்கள். அத்தனை வருஷமாக நான் தொண்டை கிழியச் சொன்னதை ஒருவர் கேட்டதில்லை. ஒரு தடவை உட்கார்ந்திருந்ததும் நாடே காது கொடுத்தது. சமையலறை, வாஃபிள், கீல், எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றிரண்டு நாளில், அந்தப் படகில் முன்பு வேலைபார்த்த இரண்டு பேர் தாங்களாகவே முன்வந்து, கீலைப் பற்றிக் கேப்டன் சொன்னது உண்மை என்றார்கள். ஹால்டோரின் படம் முதல் பக்கத்தில் வந்தது. ஜெபவீட்டுக்காரர்கள் எனக்குத் தந்தி கொடுத்தார்கள். கட்சி என்னைக் கை கழுவியது, போகட்டும்.

வெள்ளிக்கிழமை அரண்மனையில் அரசரிடம் அமைச்சர்கள் விடைபெற்றார்கள். பதவி போனவன் பழைய இடத்துக்குத்தான் திரும்ப வேண்டும். அடுத்த அமர்வில் ரெய்டார் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். சுற்றிலும் எங்கள் மாவட்டக்காரர்கள் காகிதங்களுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

"திருப்தியா?" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "நீ ஊருக்குப் போற, என் இடம் எனக்கு வந்துடுச்சு. ஆனா நான் இங்க உக்காரப் போறதில்ல. ராஜினாமா..."

"முடியாதே" என்றேன். "நீதான் முதல் நாளே சொல்லிக்கொடுத்த. மாட்டினா மாட்டினதுதான்னு."

அடுத்த தேர்தலுக்கு இன்னும் இரண்டு குளிர்காலம் பாக்கி. வலப்பக்கம் எங்கள் கரைக்காரர், இடப்பக்கம் எங்கள் கரைக்காரர். பின்னால் இருப்பவரின் தங்கை அந்தப் படகில் போனவள்.

நூலுருண்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

"எழுந்திரிக்கச் சொன்னியே, ரெய்டார். எழுந்துட்டேன். உக்காரு."

உட்கார்ந்தான். தூர்ஸ்டைன் தன் நாற்காலியை அவனிடமிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார்.