இரண்டாவது கிண்ணம்

மிட்டாய்த் தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் ‘நாக்கு’. முதலாளியம்மா முதல் வாசல் காவலர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ருசி பார்ப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடமாகத் தினமும் காலை பத்து மணிக்கு வெந்நீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு, அன்று செய்த சரக்கில் ஒன்றை எடுத்துக் கடிப்பாள். கண்ணை மூடிக்கொள்வாள். அவள் தலையசைத்த பிறகுதான் சரக்கு பெட்டிக்குள் போகும்.

அங்கே எத்தனையோ தினுசு செய்தார்கள். ஆனால் தொழிற்சாலை ஒன்றை நம்பித்தான் நின்றது. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சாக்லேட் கிண்ணம். உள்ளே வறுத்து அரைத்த வேர்க்கடலை விழுது, உறையில் அச்சடித்திருப்பது போலச் சொன்னால் பீநட் பட்டர். மேலே சாக்லேட்டாலேயே ஒரு மூடி. மற்ற மிட்டாய்கள் வந்த சுவடு தெரியாமல் போயின. கிண்ணம் மட்டும் அசையவில்லை. சின்ன வயதில் தின்றவர்கள் தலை நரைத்த பிறகும் கடையில் அதையே கேட்டார்கள். அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று யாராவது கேட்டால், வாசனைதான் என்பாள் அவள். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

அந்த வருடம் ஒரு காய்ச்சல் அவளைப் பத்து நாள் பாயோடு பாயாகப் போட்டது. எழுந்தபோது மூக்கு இல்லை. மூக்கு முகத்தில்தான் இருந்தது, வாசனைதான் போய்விட்டது. காப்பி வெறும் சுடுதண்ணீராக இறங்கியது. சோப்பு, மழை, கணவனின் சட்டை எல்லாம் ஒன்றுபோல இருந்தன. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், வறுக்கும் கூடத்தைக் கடந்தபோது அவளுக்குத் தண்ணீருக்கு அடியில் நடப்பது போலிருந்தது. பெரிய உருளைக்குள் கடலை புரண்டுகொண்டிருந்தது. மெல்லிய சிவப்புத் தோல்கள் வெயில் கற்றைக்குள் ஏறி மிதந்தன. தெருமுனை வரைக்கும் வீசுகிற வாசனைக்கு நடுவில் அவள் மட்டும் ஒன்றும் இல்லாத இடத்தில் நின்றாள். வறுப்பவர், “உடம்பு தேவலையாம்மா?” என்று கேட்டார். தேவலை என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். யாரிடமும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. மூக்கு போன நாக்கை யார் வைத்துக்கொள்வார்கள்?

வீட்டில் கணவனுக்கு மட்டும் தெரியும். ஒரு சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து அவனுக்கு ஒரு கிண்ணத்தைக் கொடுத்து, எப்படி மணக்கிறது என்று சொல்லச் சொன்னாள். அவன் பேருந்து ஓட்டுகிறவன், வார்த்தைகளோடு அதிகம் பழக்கமில்லை. ரொம்ப நேரம் முகர்ந்து பார்த்துவிட்டு, “கடலை மாதிரி இருக்கு,” என்றான். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவளும் ஒன்றைக் கடித்தாள். வேலையாக இல்லாமல், அவசரமில்லாமல், வெளியே வெளிச்சம் மங்குவதைப் பார்த்தபடி.

அப்போதுதான் அது புரிந்தது. முதலில் பல் பட்டதும் ‘டக்’ என்று ஒரு சின்ன முறிவு. அடுத்த நொடி எதிர்ப்பே இல்லாமல் உள்ளே ஒரு மெத்தை. சாக்லேட் நாக்கில் குளுமையாக உருகி வழிந்து, இனிப்பு திகட்டப் போகிற தருணத்தில் எங்கிருந்தோ உப்பு வந்து அதை வெட்டியது. விழுதில் மணல் போல ஒரு நறநறப்பு. கடைசியில் அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, போக மனமில்லாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. நாக்கு அதைத் துழாவித் துழாவி எடுப்பதற்குள் கை அடுத்ததைத் தேடியது. இத்தனை வருடமும் வாசனை முன்னால் நின்று இதையெல்லாம் மறைத்திருந்தது.

அன்று முதல் அவள் முறிவையும் உப்பையும் நறநறப்பையும் கொண்டே சரக்கைப் பார்த்தாள். ஒரு நாள் சாக்லேட் முறியாமல் வளைந்தது. சரக்கை நிறுத்தச் சொன்னாள். போய்ப் பார்த்தால் குளிரூட்டும் இயந்திரம் பழுது. பிழைத்தோம் என்றிருந்தது அவளுக்கு.

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. பிறகு முதலாளியம்மா கிண்ணத்தையே மாற்றத் தீர்மானித்தார். காலத்துக்கு ஏற்றபடி விழுதை வெண்ணெய் போல மழமழவென்று அரைத்து, உப்பை எடுத்துவிட்டு, வாசனையை இரண்டு பங்காக்கியிருந்தார்கள். தட்டு அறைக்குள் வந்ததுமே எல்லோர் முகமும் மலர்ந்தது. வறுப்பவர் கூட மூச்சை ஆழமாக இழுத்தார். கடைசியாகத் தட்டு அவளிடம் வந்தது. கடித்தாள், கண்ணை மூடினாள், காத்திருந்தாள்.

“இதுல ஒண்ணுமே நடக்கல மேடம்,” என்றாள்.

“என்ன நடக்கல? வாசனை ஆளைத் தூக்குதே.”

இனி மறைக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. “எனக்கு வாசனை தெரியாது மேடம். காய்ச்சலுக்கு அப்புறம் போயிடுச்சு. ரெண்டு மாசமாச்சு.”

முதலாளியம்மா மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். பிறகு, “என்கிட்டயே மறைச்சிருக்க,” என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம் இருந்தது. வேலை போய்விடும் என்று பயந்ததைச் சொன்னாள் அவள். செய்தது தப்பு என்றும் சொன்னாள். ஆனால் கிண்ணத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் யாருக்கும் எதுவும் சொல்லாமல் இரண்டு தட்டுகளை வைக்கச் சொன்னார் முதலாளியம்மா. ஒன்றில் பழைய கிண்ணம், ஒன்றில் புதியது. அவரும் அவளும் கூடத்தைப் பார்த்த மாடி ஜன்னல் அருகே நின்று கீழே பார்த்தார்கள். வாசனை இழுத்ததால் வந்தவர்கள் எல்லோரும் முதலில் புதியதைத்தான் எடுத்தார்கள். எடுத்தவர்கள் நன்றாகத்தான் இருக்கிறது என்பது போலத் தலையாட்டினார்கள். பிறகு பேச்சு தொடங்கியது. பேச்சு வாக்கில், பார்க்காமலேயே, கைகள் பழைய தட்டுக்குப் போயின. ஒன்று, இன்னொன்று, திரும்பவும் ஒன்று. கால் மணி நேரத்தில் பழைய தட்டு துடைத்து வைத்தது போலாகிவிட்டது. புதியது பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது.

முதலாளியம்மா இறங்கிப் போனார். எட்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒன்பதாம் நாள் அறிவிப்புப் பலகையில் கிண்ணம் பழையபடியே இருக்கும் என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. வாசனைக்கு வறுப்பவர், மற்ற எல்லாவற்றுக்கும் நாக்கு, இருவரும் சரி என்றால்தான் சரக்கு போகும் என்றும் அதில் இருந்தது. அன்று காலை பத்து மணிக்கு வறுப்பவர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் அறைக்கு வந்தார். “நீ கடிம்மா, நான் மோந்து பாக்கறேன்,” என்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்கும்தான்.

மழைக்காலம் முடியும் சமயம், ஒரு நாள் தொழிற்சாலை நடைபாதையில் போய்க்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். தரை ஈரமாக இருந்தது. எங்கிருந்தோ, ரொம்பத் தூரத்தில் யாரோ கூப்பிடுவது போல, பினாயில் வாசனை. எத்தனையோ நல்ல வாசனை இருக்க, போயும் போயும் இதுதானா முதலில் வர வேண்டும்? தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து, வழுக்கும், பார்த்துப் போ என்றார். அவள் போகவில்லை. சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தரை காயும் வரைக்கும் அங்கேயே நின்றாள்.