வெட்டிய புளியமரங்களின் நிழல்

புத்தலப்பட்டு சாலையோரம் மாணவர்கள் நட்ட புளியங்கன்றுகள் சித்திரை மாதத்தில் வெயில் கிடைக்காமல் செத்துக்கொண்டிருந்தன. இலை வெளுத்து, தண்டு நூலாக நீண்டு, இருட்டறையில் முளைத்த பயறு மாதிரி நின்றன. மேலே மறைப்பு எதுவும் இல்லை. சாலையை அகலப்படுத்த, அங்கிருந்த மரங்களை முந்தைய ஆண்டே வெட்டியிருந்தார்கள். பழைய மரம் நின்ற இடத்தில்தான் புதுக்கன்று வேர் பிடிக்கும் என்று அடிக்கட்டைகளை ஒட்டியே குழி எடுத்திருந்தார்கள்.

கல்லூரிச் சுற்றுச்சூழல் மன்றத்தின் தலைவி கீர்த்தி சாலைத்துறை அதிகாரியிடம் கன்றுகளைக் காப்பாற்றுவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். மழைக்காலம் வரை கன்றுகள் பிழைத்தால் சாலையில் மிச்சமிருக்கும் மரங்கள் தப்பும். இல்லாவிட்டால் அவையும் போகும். அவள் தண்ணீரைக் கூட்டினாள். வேர் அழுகியது.

"இன்னா கீர்த்தி, செடிக்குத் தண்ணி ஊத்தறியா, இட்லிக்கு ஊற வெக்கிறியா?" என்றான், கன்றுகளை ஆடு மேயாமல் காவலிருக்க வந்த, உடன் படிக்கும் சுரேஷ்பாபு.

"வாய மூடிக்கினு ஆட்ட ஓட்றா."

ஆடுகள் உச்சிவெயிலில், வெட்டவெளியில், வட்டம் வட்டமாகப் படுத்திருந்தன. கீர்த்தி செருப்பைக் கழற்றி நடந்து பார்த்தாள். தார் கொதித்தது, கட்டைகளைச் சுற்றி மண் குளிர்ந்திருந்தது. வெட்டியவர்கள் மரத்தைத்தான் ஏற்றிப் போயிருந்தார்கள், நிழலை விட்டுவிட்டார்கள். கண்ணுக்கு அது வெயிலாகவே தெரிந்தது. தோலுக்கும் இலைக்கும் மட்டும் நிழல்.

காவலிருந்த சுரேஷ்பாபு ஒரு நாள் காலையில் கட்டையின் மேல் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை அப்படியே தூங்கிவிட்டான். எழுந்து போனபோது நிழலும் அவனோடு போனது. அந்தக் கன்று துளிர்த்தது. அவன் வீட்டுக் கொடியில் துணி காயவில்லை. மாலையானால் காக்கைகள் அவன் தலைக்கு மேல் சுற்றி, உட்காரக் கிளை காணாமல் கத்தின.

"இது எப்பதான் என்ன வுட்டுப் போவும்?"

"போனா திரும்ப செடி மேலதான் போய் வுழும். வெச்சிக்கினு இரு."

மறுநாள் கீர்த்தி எல்லாவற்றிலும் பெரிய கட்டையில் உட்கார்ந்தாள். மன்றத்தார் மற்றவற்றில் உட்கார்ந்தார்கள். கன்றுகள் பிழைத்தன, மிச்ச மரங்கள் தப்பின. அந்த மாணவர்கள் இப்போது மே மாதத்திலும் ஸ்வெட்டர் போடுகிறார்கள். முகம் வெளுத்து, மெலிந்து, ஆண்டுதோறும் உயரமாகிக்கொண்டே போகிறார்கள்.

திருப்பதி வரைக்கும் வெட்டிய மரங்கள் கல்லூரிப் பிள்ளைகளைவிட அதிகம் என்பதால் கீர்த்தி பள்ளிகளுக்கும் போய் வருகிறாள். முறை எளிது. வெட்டிய மரத்துக்கு ஒரு பிள்ளை. காலை முதல் பொழுது சாயும்வரை கட்டையின் மேல் அசையாமல் உட்கார வேண்டும். நிழல் பிள்ளையைத் தன் அடிமரமாக எடுத்துக்கொள்ளும். கன்றுக்கு வெயில் கிடைக்கும்.