அவரே, அவரல்ல, தெரிந்தவர்

கழுகு என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பெண்ணுக்கு உத்தியோகம், முன்பின் தெரியாதவர்கள் தலையைத் திருப்புவதை நாள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பது. சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். கடவுச்சொல் என்ற தொல்லையைத் தலைமுழுகிவிட்டு உலகம் முகத்துக்கு மாறிய பிறகு முளைத்த வேலை அது. முன்பெல்லாம் ஜனங்கள் பிள்ளையின் பெயரையும் பிறந்த வருஷத்தையும் ஒட்டவைத்து, கடைசியில் ஒரு ஆச்சரியக்குறியையும் போட்டு, மறுநாளே அதை மறந்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். இப்போது அந்த வம்பே இல்லை. போனை முகத்துக்கு நேரே பிடித்தால் போதும். இடப்பக்கம் திரும்பு என்றால் திரும்ப வேண்டும், சிரி என்றால் சிரிக்க வேண்டும். எதிரே இருப்பது உயிருள்ள ஆளா, யாரோ தூக்கிக் காட்டும் புகைப்படமா என்று இயந்திரமே கண்டுபிடித்துக் கதவைத் திறந்துவிடும்.

கண்டுபிடிக்க முடியாமல் இயந்திரம் திருதிருவென்று விழிக்கும்போதுதான் அந்த முகம் கழுகு இருக்கும் அறைக்கு வரும்.

மூன்றாவது மாடியில் கண்ணாடிச் சுவர் வைத்த அறை. போனை வெளியே வராந்தாவில் உள்ள பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வந்தபின் பேச்சு கிடையாது. குளிரூட்டியின் முனகல் மட்டும் இருக்கும். திரையின் இடப்பக்கம் பழைய படம், வலப்பக்கம் சற்றுமுன் எடுத்த சின்ன வீடியோ. பேர் கிடையாது, ஊர் கிடையாது, சத்தமும் கிடையாது. மேலே ஒரு நிறப்பட்டை ஓடும். நீலம் என்றால் வங்கி, பச்சை என்றால் மருத்துவமனை. கீழே மூன்று பொத்தான்கள்: அவரே, அவரல்ல, தெரிந்தவர்.

மூன்றாவது பொத்தானை அமுக்குவது அபூர்வம். வருகிற முகம் அத்தை மகனோ, அடுத்த வீட்டுக்காரரோ, ஜென்மப் பகையாளியோ, யாராக இருந்தாலும் தெரிந்த முகத்துக்குத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. 'தெரிந்தவர்' என்று அமுக்கினால் முகம் வேறொருவர் மேசைக்குப் போய்விடும். அதைப் பற்றி அப்புறம் வாயைத் திறக்கக்கூடாது. தன் மைத்துனனை 'அவரே' என்று அமுக்கிய ஒருவன் அன்று மாலையே வீட்டுக்குப் போய்விட்டான், திரும்ப வரவில்லை.

இரட்டைப் பிறவிகள் இருவர் ஆள் மாறாட்டம் செய்ததைக் காது மடலைப் பார்த்தே பிடித்தாள் என்பதால் அவளுக்குக் கழுகு என்று பேர் விழுந்தது. வீட்டில் அந்தப் பேருக்கு மரியாதை கிடையாது. "என்னை ஏன் இப்படி முறைச்சுப் பாக்கற? 'அவரே'ன்னு அமுக்கிட்டு ஆளை விடு" என்பான் கணவன்.

அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தை மறைக்கும் திரைகள் இறங்கிய பிறகு அறையே மெல்லத் தண்ணீருக்குள் இறங்குவது போலிருக்கும். முகங்கள் ஒவ்வொன்றாக மிதந்து வரும். வாராத தலையோடு ஒருவர், கைக்குழந்தை தோட்டைப் பிடித்து இழுக்க இழுக்கச் சிரிக்கும் ஒருத்தி, சிரிக்கச் சொன்னதும் வெட்கப்படும் ஒரு கிழவர். எல்லோரும் அவளைப் பார்த்துத்தான் சிரித்தார்கள், ஆனால் அவள் இருப்பது ஒருவருக்கும் தெரியாது. உலகம் தூங்கி எழுந்து நேராகத் தன் முன்னால் வந்து நிற்கிறது என்று சில நாள் அவளுக்குத் தோன்றும். அந்த நினைப்பில் ஒரு சுகம் இருந்தது.

அன்று முற்பகலில், பச்சைப் பட்டையோடு அக்கா வந்தாள்.

இடப்பக்கம் இருந்த படத்தை எடுத்ததே கழுகுதான். ஒரு பஸ் நிலையத்தில், பஸ்ஸைத் தவறவிட்ட குஷியில், பல்லெல்லாம் தெரிய அக்கா சிரித்துக்கொண்டிருந்த படம். வலப்பக்கம் வெறும் சாம்பல் சுவர், அதன் முன்னால் ஒரு முகம். இடப்பக்கம் திரும்பியது, வலப்பக்கம் திரும்பியது. சிரிக்கச் சொன்னபோது வாயின் ஒரு பாதி மட்டும் மேலே ஏறியது. மறுபாதி அப்படியே கிடந்தது. அந்தப் பக்கத்துக் கண் மூடவும் இல்லை, அதிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. கீழே இயந்திரம் தன் பங்குக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தது: முகமூடியாக இருக்கலாம்.

கழுகின் கை மேசைமேல் அப்படியே நின்றுவிட்டது.

அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டு வருஷக்கணக்காகிவிட்டது. சண்டை அம்மாவை வைத்து வந்தது. பெற்றவளை நீ வைத்துக்கொள், நான் மாட்டேன் என்று அடித்துக்கொள்கிற ஊரில், எனக்குத்தான் வேண்டும் என்று இவர்கள் இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். அக்கா வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத் தங்கை காரைக் கொண்டுவந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். "இனிமே உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்றாள் அக்கா போனில். சொன்ன சொல் தவறாதவள். மறுவருஷம் அம்மா போனபோது வந்து தலைமாட்டில் நின்றாள், அம்மாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டாள், யாரையும் பார்க்காமல் போய்விட்டாள். அதன்பிறகு வீடு மாறினாள், நம்பரையும் மாற்றினாள். கழுகு கேட்காத ஆள் இல்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

இப்போது ஒரு சாண் தூரத்தில் அக்கா தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பொத்தானை அமுக்கும்வரை வீடியோ திரும்பத் திரும்ப ஓடும். இடது, வலது, அரைச் சிரிப்பு. எதை அமுக்கினாலும் அக்கா போய்விடுவாள். எங்கே இருக்கிறாள், என்ன நோவு, ஒன்றும் தெரியாமலே போய்விடுவாள். அமுக்காத வரைக்கும் இங்கேயே இருப்பாள். கழுகு தன்னை மறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்காவுக்கு முன்நெற்றியில் நரைத்திருந்தது. காதில் தோடு இல்லை. இடது, வலது, அரைச் சிரிப்பு.

தாமதம் என்று மேலே ஒரு விளக்கு எரிந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தச் சாம்பல் சுவர் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் சுவர். அக்கா அங்கே நின்றுகொண்டு, 'காத்திருக்கவும்' என்ற எழுத்தை அந்த மூடாத கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறாள். 'அவரே' என்று அமுக்க விரல் துடித்தது. ஆனால் விதி மீறாமல் செய்துவந்த வேலை அது. கழுகு மூன்றாவது பொத்தானை அமுக்கினாள். அக்கா மறைந்தாள். அந்த இடத்தில் தொப்பி போட்ட ஒரு ஆள் வந்து தலையைத் திருப்பினான்.

கெட்ட நேரத்திலும் கெட்ட நேரம், அக்கா போய்ச் சேர்ந்தது நீதிபதியின் மேசைக்கு. இரண்டு நாற்காலி தள்ளி உட்காரும் அந்த மனிதர் சொந்த நிழலையே நம்பாதவர், அதனால்தான் அந்தப் பட்டப்பேர். அவர் திரையில் பச்சைப் பட்டை ஓடுவதைக் கழுகு ஓரக்கண்ணால் பார்த்தாள். 'அவரல்ல' என்று அமுக்குவதற்கு முன் நீதிபதி கண்ணாடியைக் கழற்றுவார், அது அவர் வழக்கம். கழற்றினார். சார், அது என் அக்கா சார், என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. நீதிபதி அமுக்கினார்.

இடைவேளை விட்டதும் அவள் வராந்தாவுக்கு ஓடினாள், எதற்கு என்று அவளுக்கே தெரியாது. அழுவதற்கு அங்கேதான் இடம். பெட்டியைத் திறந்து கைக்குட்டையைத் தேடினாள். போன் மின்னிக்கொண்டிருந்தது.

'ஒருவர் தன் அடையாளத்துக்குச் சாட்சியாகச் சற்றுமுன் உங்களைக் குறிப்பிட்டிருக்கிறார். இவரை உங்களுக்குத் தெரியுமா?'

கீழே அதே சாம்பல் சுவர், அதே அரைச் சிரிப்பு.

முகம் தோற்றுப்போனவர்களுக்குக் கடைசியாக ஒரு வழி வைத்திருந்தார்கள். தன்னை நன்றாகத் தெரிந்த ஒருவரின் நம்பரைக் கொடுக்கலாம். அவர் ஆமாம் என்றால் கதவு திறக்கும். எல்லோரும் கணவனையோ மகளையோதான் கொடுப்பார்கள். அக்கா தங்கையைக் கொடுத்திருந்தாள். கழுகு பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆமாம் என்று சொல்லும் முன் சாட்சியும் தன் முகத்தைக் காட்ட வேண்டும். போனைத் தூக்கிப் பிடித்தாள். 'முகத்தை இயல்பாக வைத்துக்கொள்ளவும்' என்றது போன். முகம் இயல்பாக இருந்தால்தானே! கண் வீங்கி, மூக்கு சிவந்து, உதடு தன்பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. 'சிரிக்கவும்' என்றது. அவள் முயன்று பார்த்தாள். வந்தது வேறு ஏதோ. 'ஐயத்துக்குரிய முகம். பரிசீலனைக்கு அனுப்பப்படுகிறது' என்றது போன்.

பரிசீலனை எங்கே நடக்கும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

கண்ணாடிச் சுவர் வழியாக அவள் பார்த்தாள். இடைவேளையில் மேசையை விட்டு எழாத ஆட்கள் உள்ளே இருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் முதலில் தலையைத் தூக்கினாள். திரையைப் பார்த்தாள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கும் கழுகைப் பார்த்தாள், மூன்றாவது பொத்தானை அமுக்கினாள். அடுத்து நெட்டையன் தலையைத் தூக்கினான். பார்த்தான், அமுக்கினான். அவனுக்கடுத்து மூலையில் இருப்பவள். ஒவ்வொரு தலையாக மெதுவாக நிமிர்ந்தது, ஒவ்வொரு ஜோடிக் கண்ணும் சத்தமில்லாமல் அவள்மேல் வந்து நின்றது. அத்தனை நாளும் அவள் பார்த்த உலகம் இப்போது அவளைப் பார்த்தது. கடைசியில் நீதிபதி. கண்ணாடியைக் கழற்றினார். அவர் அதைச் சட்டையில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, அவளை நெடுநேரம் பார்த்துவிட்டு, மூன்றாவது பொத்தானை அமுக்கினார்.

மேலாளர் அம்மாள் வராந்தாவுக்கு வந்தாள்.

"உன் மூஞ்சி உள்ள ஊர்வலம் போகுது. எல்லாரும் தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்கன்னு தள்ளிவிடறாங்க. கடைசியில என் மேசைக்கு வந்து நிக்குது. எனக்கு மட்டும் உன்னைத் தெரியாதா? என்னம்மா ஆச்சு?"

"அக்கா..." என்றாள் கழுகு.

"யாரோட அக்கா?"

"என் அக்கா."

மேலாளர் போனை எட்டிப் பார்த்தாள். பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போய் மூக்கைச் சிந்து. நல்லா மூஞ்சியில தண்ணி அடிச்சுக் கழுவு. கழுவிட்டு மறுபடி காட்டு. சட்டம் எனக்கும் அதேதான், நான் ஒண்ணும் பண்ண முடியாது."

கழுகு குழாயைத் திறந்துவிட்டு முகத்தில் தண்ணீரை வாரி வாரி அடித்தாள். ஈரத்தோடு போனைப் பிடித்தாள். இடது, வலது, சிரிப்பு. இந்த முறை போன் ஒப்புக்கொண்டது. 'பேசி உறுதிசெய்க' என்று ஒரு பொத்தானைக் காட்டியது.

"ஆஸ்பத்திரிங்களா? எவ்வளவு நேரம்தாங்க காத்திருக்கறது?" என்றது அக்காவின் குரல்.

கழுகு போனைக் காதோடு அழுத்தினாள்.

"ஹலோ... யாருங்க பேசறது?"

அவள் மூக்கை உறிஞ்சி மூச்சை இழுத்தாள்.

"மூக்கை உறிஞ்சாதடி. அசிங்கமா இருக்கு" என்றாள் அக்கா.

கழுகு வராந்தாவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மூஞ்சிக்கு என்னக்கா ஆச்சு?"

"முகவாதமாம். காலையில பல்லு தேய்க்கறேன், தண்ணி ஒரு பக்கமா ஒழுகுது. வைத்தியம் பண்ணினா சரியாயிடுமாம். ஆனா உள்ள போகணும்னா முதல்ல மூஞ்சியக் காட்டணுமாம். மூஞ்சியக் காட்ட வந்தவகிட்டயே மூஞ்சியக் கேக்கறாங்க, இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்ல?" பகரமும் மகரமும் வரும்போதெல்லாம் அக்காவின் உதட்டோரம் காற்று ஒழுகியது.

"ஏன்க்கா என் நம்பரைக் குடுத்த?"

"உங்க மாமா நம்பரைத்தான் போடப் போனேன். கை உன் நம்பரைப் போட்டுடுச்சு." அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சரி, பேச்சு போதும். ஆமான்னு அமுக்கு. கூப்பிடற நேரம் ஆச்சு."

"அமுக்கினா லைன் கட்டாயிடும்."

"ஆகட்டுமே."

"இதுல உன் நம்பர் தெரியாதுக்கா. அப்புறம் உன்னை எங்க போய்த் தேடுவேன்? மாட்டேன். அமுக்க மாட்டேன்."

அக்கா சிரித்தாள். பாதி உதட்டால் சிரிக்கிற சிரிப்பு, புஸ்ஸென்று கேட்டது. "இவ்வளவு வயசாகியும் பிடிவாதத்தைப் பாரு. எனக்குப் பின்னால ஜனங்க நிக்கறாங்கடி. நீ அமுக்கு, நான் கூப்பிடறேன்."

"கூப்பிடுவியா?"

மறுமுனையில் யாரோ இருமினார்கள், ஏதோ சக்கர வண்டி போயிற்று.

"அமுக்கு" என்றாள் அக்கா.

கழுகு கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள். 'நன்றி, அடையாளம் உறுதிசெய்யப்பட்டது' என்று வந்தது. சாம்பல் சுவரும் அரைச் சிரிப்பும் சுருங்கிக் காணாமல் போயின.

இடைவேளை முடிந்து எல்லோரும் உள்ளே போனார்கள். போனைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும், அதுதான் விதி. அவள் எழவில்லை. மேலாளர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தாள், பார்த்துவிட்டு அந்தப் பக்கத்துத் திரைச்சீலையை இறக்கிவிட்டாள். வராந்தா ஜன்னலில் வெயில் நகர்ந்தது. இந்நேரம் உள்ளே கூப்பிட்டிருப்பார்கள். டாக்டர் சிரிக்கச் சொல்லியிருப்பார், கண்ணை மூடச் சொல்லியிருப்பார், மருந்து எழுதியிருப்பார். வெளியே வந்திருப்பாள். வெளியே வந்ததும் பழைய கோபம் திரும்பியிருக்கும். அக்கா கூப்பிடமாட்டாள், மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று சொன்ன சொல்லை என்றைக்கு மீறியிருக்கிறாள், என்று கழுகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

போன் அதிர்ந்தது. 'தெரியாத எண்' என்றது திரை.

"யாரு?" என்றாள் கழுகு.

"நான்தான்டி" என்றாள் அக்கா.