நிமிர்த்தி வைத்த பீப்பா

காலையில் குழிமேட்டில் பால் தெளித்துவிட்டு வந்த கையோடு மூக்கையாவை லொறிக் கொட்டகைக்குப் போகச் சொல்லிவிட்டார் துரை. பெண்டாட்டி அழகம்மா செத்து மூன்று நாள்தான் ஆகிறது என்பது துரைக்குத் தெரியாமலில்லை. அவளுடைய சவப்பெட்டிக்குத் தேயிலை ஸ்டோரிலிருந்து பலகை கொடுத்ததே அவர்தான். ஆனால் எண்பது பெட்டித் தேயிலை கட்டிப்போட்டபடி கிடக்கிறது, லொறியோ மாட்டைப் பூட்டி இழுத்து வந்த கோலத்தில் அப்படியே நிற்கிறது. டீசல் எஞ்சினைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் அந்தத் தோட்டத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவர் லொறி ஓட்டும் மக்கீன் நானா. அண்ணன் முறைக்குத் தோட்டமே அவரை நானா என்றுதான் கூப்பிடும். அவரை வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்லியாயிற்று. மற்றவன் ஸ்டோர் எஞ்சின்காரன் மூக்கையா.

"எஞ்சின் ஏன் நின்னுச்சு? மக்கீன் என்னா தப்பு செஞ்சான்? பாத்து வந்து சொல்லு" என்றார் துரை.

"சொல்றேங்க தொர." பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னான் மூக்கையா. சொல்லாமல் விடுவானா? அழகம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன லொறியை வழியில் நிற்கவைத்த அந்தத் தப்பை எல்லார் முன்னாலும் எடுத்துப்போட வேண்டும் என்றுதான் மூன்று நாளாகச் சோறில்லாமல் உட்கார்ந்திருந்தான். குழிமேட்டில் மண் தள்ளி முடிவதற்குள் நானாவின் சட்டையைப் பிடித்து, "நீதான்டா அவளக் கொன்ன!" என்று கத்தியிருந்தான். லயத்துச் சனமே பார்த்தது. நானா சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை, தலையைக் குனிந்தபடி நின்றார். குற்றமுள்ள மனசு, வேறென்ன, என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

வழக்கம்போலக் காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சி ஒன்றை எடுத்து ஒரு நுனியை எஞ்சினில் ஊன்றி, மறுநுனியைக் காதோடு வைத்தான். இன்னொரு ஆளை விட்டுக் கைப்பிடியைச் சுற்றச் சொன்னான். நோயாளியின் நெஞ்சில் டாக்டர் குழல் வைப்பதைப் போலத்தான் இதுவும். உள்ளே எது தேய்ந்திருந்தாலும், எது தளர்ந்திருந்தாலும் கம்பு சொல்லிவிடும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நாலு சிலிண்டரும் ஒரே சீராக மூச்சு வாங்கின. தட்டல் இல்லை, உரசல் இல்லை. அளவுக்கம்பியை உருவிப் பார்த்தான், எஞ்சின் எண்ணெய் கோடுவரை நின்றது. போல்ட்டுகளெல்லாம் இறுக்கமாக, துடைத்துவைத்த மாதிரி இருந்தன. பாவி மனுஷன் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது போலல்லவா லொறியைப் பார்த்திருக்கிறான் என்று நினைத்ததும் மூக்கையாவுக்கு ஆத்திரம் இன்னும் கூடியது.

சுற்றிய ஆளை அனுப்பிவிட்டு, டீசல் வடிகட்டும் கிண்ணத்தின் அடித் திருகைக் கழற்றிச் சோடாப் போத்தலில் பிடித்தான். கலங்கலாய் வந்தது. போத்தலைப் பலகைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மேலே ஏறியது. கீழே அரைப் போத்தல் தண்ணீர். டீசலில் தண்ணீர்! பம்ப் மூடியைத் திறந்தால் உள்ளே துரு பூத்துக் கிடந்தது. இது போதும், எந்த எஞ்சினும் நின்றுவிடும். பிடித்தேனா உன்னை, என்று மனசுக்குள் கூவினான். அப்புறம்தான் தண்ணீரின் அடியில் படிந்திருந்ததைக் கவனித்தான். மஞ்சளாய் ஒரு படிவு.

போத்தலை அங்கேயே விட்டுவிட்டுப் பின்பக்கம் போனான். அங்கே தாழ்வாரத்துக்கு வெளியே, வானம் பார்க்க, டீசல் பீப்பா நிமிர்ந்து நின்றது.

எண்ணெய்க் கம்பெனியிலிருந்து வந்த ஆள் போன வருஷம் படித்துப் படித்துச் சொன்னது மூக்கையாவிடம்தான். பீப்பாவை எப்போதும் படுக்க வைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் மேல் விளிம்புக்குள் மழைத்தண்ணீர் தேங்கும், வெயிலில் மூச்சு விடுகிற பீப்பா மழைக் குளிர்ச்சியில் மூச்சை உள்ளே இழுக்கும், மூடி எவ்வளவு இறுக்கமாயிருந்தாலும் தண்ணீர் கசிந்து இறங்கும். அதைக் கேட்டுவிட்டு, பீப்பாவைப் படுக்கவைக்க மரச்சட்டம் அடித்ததும் மூக்கையாதான். நிமிர்ந்த பீப்பாவைக் கண்டால் கூலியாட்களை வாய்க்கு வந்தபடி திட்டுவதும் அவன்தான்.

இந்த வருஷ ஆயுத பூசையன்று லொறிக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, வாழையிலையில் பொரியும் கடலையும் எடுத்து வைக்கும்போது அழகம்மா கேட்டாள்: "ஏங்க, சாமி படையலக் கீழ சேத்துலயா வைக்கிறது? உசரமா ஏதாச்சும் வையுங்களேன்."

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் வாய்விட்டு இது வேண்டும் என்று கேட்டது எத்தனை தடவை? விரல் விட்டு எண்ணிவிடலாம். மூக்கையாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரே தூக்கில் நிறை பீப்பாவைத் தூக்கி நிமிர்த்தினான். "அடேங்கப்பா!" என்று சிரித்தாள் அவள். அதன் மேல்தட்டை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மூடியின் பக்கத்தில் குங்குமம் வைத்து, இலையைப் பரப்பினாள். கற்பூரத்தை மட்டும் தள்ளி நின்று காட்டினார்கள். பொரி வாங்க வந்த மக்கீன் நானா, "பீப்பாவ மறக்காமப் படுக்க வெச்சிருங்க மூக்கையா" என்றுகூடச் சொன்னார். "ஆகட்டும் நானா" என்றவன், பொரி கொடுத்த சந்தடியில் மறந்தே போனான். அதற்கப்புறம் பன்னிரண்டு நாள், ஒவ்வொரு நாளும் பின்னேரத்தில் மழை.

மேல்தட்டில் குங்குமக் கறை இன்னும் மிச்சமிருந்தது. மூக்கையா அதன்மேல் கையை வைத்தான்.

அழகம்மாவுக்கு வயிற்று வலி கண்ட அன்று தோட்டத்து மருந்துக்காரர் கைவிட்டுவிட்டு, "மத்தியானத்துக்குள்ள இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்றார். பழைய பீப்பா தீர்ந்திருந்தது. நானா இதிலிருந்துதான் டீசல் இறைத்தார். வடிகட்டும் தோலை எடுக்கப் போனவரை, "ஐயோ, இப்ப அதுவா முக்கியம்? ஊத்துங்க நானா!" என்று விரட்டியதும் மூக்கையாதான். அந்தத் தோல் தண்ணீரை விடாது. இரண்டாவது ஏற்றத்தில் லொறி நின்றது. நானா இறங்கிக் கிண்டினார், ஓடியது, நின்றது. மறுபடி ஓடியது, நின்றது. நாலாம் தடவை அசையவே இல்லை. பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து கட்டில் வாங்கி வந்து, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரப்பர் தோட்டத்து எல்லையில் அவள், "கொஞ்சம் எறக்கி வையுங்க, குலுங்குது" என்றாள். இறக்கி வைத்தார்கள். அதோடு சரி.

"அதக் கண்டுட்டீங்களா?"

மக்கீன் நானா கையில் துணி மூட்டையோடு நின்றார். லொறியில் விட்டிருந்த தன் போர்வையை எடுக்க வந்தவர். மூக்கையாவுக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ரோட்டுலயே ஒங்களுக்குத் தெரியுமா நானா?"

"கிண்ணத்தத் தொறந்தப்பவே வெளங்கிட்டு. மஞ்சத் தண்ணி."

"ஏன் சொல்லல? நா ஒங்க சட்டையப் புடிச்சேனே, அப்பயாச்சும் சொல்லியிருக்கலாமே!"

"அந்தப் புள்ள ஒங்கட மடியில தலைய வெச்சிட்டு ஈந்திச்சி. அந்த நேரத்துல சென்னா நீங்க உசிரோட ஈப்பீங்களா? பொறவு குழிமேட்டுல சென்னா..." நானா மூட்டையைக் கை மாற்றிக்கொண்டார். "படையலுக்கு ஒசரம் கேட்டது அந்தப் புள்ளன்னு லயத்துக்கே தெரியும். செத்தவட பேர எல்லாரும் வாயில போட்டு மென்டிருவாங்க. எனக்கென்ன, பெல்மதுளையில தம்பிட கடை ஈக்கி. ஒங்களுக்கு இந்த எஞ்சினத் தவிர வேற என்னா ஈக்கி? சும்மா இருங்க."

மூக்கையா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். அவளைப் புதைத்தபோதுகூட அப்படி அழவில்லை. நானா பக்கத்தில் வந்து நின்றார். மழை தூறத் தொடங்கியதும் இருவருமாகச் சேர்ந்து பீப்பாவைச் சாய்த்து, சட்டத்தில் படுக்க வைத்தார்கள். அதற்கு இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

"இருங்க நானா. போயிராதீங்க" என்று சொல்லிவிட்டு, போத்தலை எடுத்துக்கொண்டு துரையின் பங்களாவுக்கு ஏறினான். வழியில் கொழுந்துக் கூடையோடு வந்த பெண்கள், "என்னாண்ணே, நானாதானே?" என்று கேட்டார்கள். அவன் நிற்கவில்லை.

பங்களாப் படிக்கட்டை அடைந்தபோது போத்தல் குலுங்கி எல்லாம் ஒன்றாய்க் கலங்கியிருந்தது. எண்ணெய் எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. கீழ்ப்படியில் அதை ஆடாமல் வைத்து, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். துரை வெளியே வந்தார்.

"என்னா இது? மக்கீன் தப்புதானே?"

"இல்லீங்க தொர. பீப்பாவ நிமித்தி வச்சது நாந்தாங்க." என்றான். "யாரும் கேட்டு வைக்கலீங்க. என் புத்தியில நானேதாங்க வச்சேன்."

துரை போத்தலை எடுக்கக் குனிந்தார். மூக்கையா அவசரமாகக் கையை நீட்டி மறித்தான்.

"எடுக்காதீங்க தொர. குலுங்கிரும். கொஞ்சம் பொறுங்க, தெளியட்டும்."

துரை நின்றார். படியில் மழை விழுந்தது. மூக்கையா போத்தலின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். உள்ளே கலங்கல் மெல்ல மெல்லப் பிரிந்து, அடியில் மஞ்சள் இறங்கத் தொடங்கியது.