ஆளைப் பார்க்காத தேர்வு

எங்கள் கம்பெனியில் வேலைக்கு வருகிறவரிடம் பட்டம் கேட்கமாட்டோம். பெயர்கூடக் கேட்கமாட்டோம். ஒரு எண் கொடுப்போம். மக்கர் பண்ணுகிற ஒரு புரோகிராமை வீட்டுக்கு அனுப்பி, சரிபண்ணித் திருப்பி அனுப்பு என்போம். அதில் தேறினால் அரை நாள் எங்களில் ஒருவரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். பக்கத்து அறையில் மூன்று பேர் கம்ப்யூட்டர் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு முகம் தெரியாது, குரல் கேட்காது. வந்தவர் திக்கித் திக்கிப் பேசுகிறாரா, தேய்ந்த செருப்போடு வந்தாரா, ஒன்றும் தெரியாது. எழுதுகிற வரி மட்டும்தான் தெரியும். "வேலையைப் பாரு, ஆளைப் பார்க்காதே" என்று எங்கள் முதலாளி வாய்க்கு வாய் சொல்வார். பட்டம் இல்லை என்று ஏழெட்டு இடத்தில் விரட்டியடிக்கப்பட்ட மனிதர். நானும் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அந்த வழியாக உள்ளே வந்தவள்தான். அதனால் அந்தத் தேர்வை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். சண்டைக்கே போய்விடுவேன்.

அப்படித்தான் பதினேழாம் எண்ணின் வேலை என் கைக்கு வந்தது. பிரமாதம். வளவளவென்று ஒரு வரி கிடையாது. அதிக மதிப்பெண் போட்டவள் நான்தான். கூட உட்காரும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

கதவைத் திறந்தால் அக்கா புருஷன் உட்கார்ந்திருக்கிறான்.

"வா மச்சினிச்சி," என்றான். "உங்க கம்பெனியில சர்டிபிகேட் கேக்க மாட்டாங்கன்னு நீதானே எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சுக்கிட்டு இருந்தே. அதான் வந்துட்டேன்."

அக்காவும் அவனும் பிரிந்து, குழந்தை யாரிடம் இருப்பது என்று வழக்கு நடந்துகொண்டிருந்த நேரம் அது. அடிப்பான் என்று அக்கா சொன்னாள். சாட்சி உண்டா என்று கேட்டார்கள். கதவைச் சாத்திவிட்டு அடிக்கிறவனுக்குச் சாட்சிக்கு எங்கே போவது? உதடு கிழிந்தால் படியில் விழுந்தாள் என்பான், கை வீங்கினால் குளியலறையில் வழுக்கினாள் என்பான். ஆளும் பார்க்க நறுவிசாக இருப்பான், பேச்சும் தேனாக இருக்கும். நீதிபதிக்கு அவனைப் பிடித்துவிட்டது. நிலையான வேலை ஒன்றுதான் குறை. அது கிடைத்துவிட்டால் மாதத்தில் பாதி நாள் குழந்தை தகப்பனிடம் இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். எங்கள் வாண்டுக்கு ஆறு வயது. அப்பா என்ற வார்த்தையைக் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொள்வாள்.

தெரிந்தவர் வந்தால் நாங்கள் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அதுதான் விதி. நான் போகவில்லை. போனால் வேறு யாராவது வந்து உட்காருவார்கள், இவன் அலட்டிக்கொள்ளாமல் தேறிவிடுவான். அவன் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

பேருந்துக்கு முன்பதிவு செய்கிற புரோகிராம் ஒன்று கொடுத்திருந்தோம். அது ஒரே இருக்கையை இரண்டு பேருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டான். முதலில் இருக்கையைப் பூட்டு, பிறகு காலியா என்று பார். ஒரே வரியில் எழுதி முடித்தான். சரியான வரி. முதலில் பார்த்துவிட்டுப் பூட்டப்போனால், அந்த இடைவெளியில் இன்னொருவருக்கும் அது காலியாகத் தெரிந்துவிடும். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

"இந்த வரி தப்பு அத்தான்," என்றேன். "பாத்துட்டுத்தான் பூட்டணும்." சொல்லிவிட்டு என் கீபோர்டில் அந்த வரியை அழித்தேன்.

சிரித்தான். "யோசிச்சுப் பேசும்மா," என்று திரும்ப எழுதினான்.

மறுபடி அழித்தேன். "இதுகூடத் தெரியாமத்தான் போன இடத்துல எல்லாம் துரத்திவிட்டாங்களா?"

சிரிப்பு நின்றது. எழுதினான். அழித்தேன். அவன் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அறைக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெளியே ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். அடிடா, ஊரே பார்க்க அடிடா என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

அவன் எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டான். "வெளிச்சம் கண்ணுல அடிக்குது," என்றான்.

நான் போட்ட கணக்கு தப்பென்று அப்போதுதான் உறைத்தது. எழுந்திருக்கப் பார்த்தேன். பிடரி மயிரைக் கொத்தாகப் பிடித்து என் முகத்தை மேஜை விளிம்பில் மோதினான். மூக்குக்குள் என்னவோ நொறுங்கியது. கத்தினேன். பேச்சுச் சத்தம் வெளியே போகக்கூடாது என்று நாங்களே பார்த்துப் பார்த்துச் சுவருக்கெல்லாம் மெத்தை அடித்த அறை அது. தலையை நிமிர்த்தி வாயிலேயே குத்தினான். பல் உடைந்தது என் காதுக்குக் கேட்டது. கைக்கு அகப்பட்ட தண்ணீர் பாட்டிலால் அவன் காதோடு சேர்த்து ஓங்கி அடித்தேன். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வலது முழங்கையால் என் தொண்டையை நாற்காலியோடு அழுத்தினான். அவனைக் கொல்ல வேண்டும் என்று இருந்தது எனக்கு. ஒரு பேனா கிடைத்திருந்தால் கண்ணில் இறக்கியிருப்பேன், சத்தியமாக.

"எங்க குடும்பத்தைப் பிரிச்சவ நீதானேடி," என்றான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

அடுத்து அவன் செய்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. முழங்கையை எடுக்காமலே, இடது கையால் அந்த வரியைத் திரும்பத் தட்டினான். அதற்கு மேலே ஒரு குறிப்பும் எழுதினான்: 'உங்கள் கருத்தை மதிக்கிறேன். ஆனால் முதலில் பார்த்துவிட்டுப் பூட்டினால் ஒரே இருக்கை இருவருக்குப் போக வாய்ப்பு உண்டு. வேண்டுமானால் சேர்ந்து சோதித்துப் பார்ப்போம்.' நான் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தேன். அவன் முற்றுப்புள்ளி வைத்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து அறையில் மூன்று பேரும் அதைப் படித்தார்கள். அவன் உறுதியைச் சோதிக்கத்தான் நான் அழித்து அழித்துப் பார்க்கிறேன் என்று நினைத்தார்களாம். எவ்வளவு பொறுமை, எவ்வளவு மரியாதை என்று மெச்சிக்கொண்டார்களாம். திரையின் ஓரத்தில் மூன்று பச்சைக் குறிகள் வரிசையாக வந்து விழுந்தன. மூன்றும் பச்சை என்றால் என் ஓட்டுக்கு வேலையே இல்லை. வேலை அவனுக்கு. வாண்டுவும் அவனுக்கு. வாங்கிய அடியெல்லாம் அந்த நேரத்தில் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது.

அவன் என்னை விட்டுவிட்டுச் சட்டையை நீவிக்கொண்டான். "நாற்காலி சறுக்கி விழுந்துட்டே. புரியுதா?"

கதவைத் திறந்துகொண்டு முதலாளி வந்தார். வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்குவதற்காகக் கையை நீட்டியபடியே வந்தவர், என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "ஐயையோ, என்னம்மா இது ரத்தம்?"

"சேர் சறுக்கிடுச்சு சார். பாவம், மேஜையில மோதிக்கிட்டாங்க. நான் பிடிக்கிறதுக்குள்ள..." என்று சொல்லிக்கொண்டே, முதலாளி நீட்டிய கையை இடது கையால் பிடித்துக் குலுக்கினான். வலது கை பேண்ட் பைக்குள் இருந்தது.

எனக்கு வாய் நிறைய ரத்தம், பேச்சு வரவில்லை. பாய்ந்துபோய் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்து வெளியே இழுத்தேன். உதறினான். தொங்கிக்கொண்டு கிடந்தேனே தவிர விடவில்லை. கை வெளியே வந்தது. விரல் முட்டியில் என் பல்லின் துண்டு குத்தி நின்றது.

மற்ற மூன்று பேரும் அதற்குள் வந்துவிட்டார்கள். முதலாளிதான் முதலில் பேசினார். "அப்படி என்னம்மா சொன்னே அவர்கிட்ட?"

ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னேன். "இந்த வரி தப்புன்னு சொன்னேன்."

நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். திரும்பித் திரையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "வரி சரியாத்தானே இருக்கு?" என்றார்.

அவரையும் சேர்த்து நாலு சாத்து சாத்தலாமா என்று இருந்தது எனக்கு. அந்த மூவரில் ஒருத்திதான் போலீசுக்குப் போன் போட்டாள். மற்ற இருவரும் அவனைச் சுவரோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

என் உதட்டுத் தையல் ஆறுவதற்குள் குழந்தை வழக்கு திரும்ப வந்தது. அவன் கையிலிருந்து பல்லை எடுத்த டாக்டர் வந்து சாட்சி சொன்னார். ஆனால் அவனுடைய வக்கீல் லேசுப்பட்ட ஆள் இல்லை. என்னை நிற்கவைத்துக் கேட்டார். "சரியான வரின்னு தெரிஞ்சே தப்புன்னு சொன்னீங்க. திரும்பத் திரும்ப அழிச்சீங்க. வேணும்னே அவரைச் சீண்டினீங்க. ஆமாவா, இல்லையா?"

"ஆமா," என்றேன். உண்மை அதுதானே.

"பாத்தீங்களா ஐயா?" என்று நீதிபதியிடம் திரும்பினார். "தப்புன்னு சொல்லாம இருந்திருந்தா என் கட்சிக்காரர் கையே ஓங்கியிருக்க மாட்டாரு."

நீதிபதி தலையை ஆட்டிக்கொண்டே ஏதோ எழுத ஆரம்பித்தார். என் அவசரப் புத்தியால் வாண்டுவைக் கொடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

யாரும் கூப்பிடாமலே அக்கா எழுந்தாள். கோர்ட்டில் அதுவரை கேட்டதற்குக்கூட முணுமுணுத்தவள், நடுக்கம் இல்லாமல் பேசினாள்.

"ஐயா, கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து அவரு சொன்னது எல்லாத்துக்கும் நான் சரி சரின்னு மட்டும்தாங்க சொன்னேன்."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எடுத்தார். வாண்டு எங்களோடுதான் இருக்கிறாள்.