உச்சத்தில் ஒரு கிழிசல்

மறுநாள் காலை அக்காவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் மருத்துவர் பிடிகொடுத்துப் பேசவில்லை. ஒரே ஒரு பாட்டுப் பதிவு செய்துகொள்ளலாம், அதுவும் அடக்கிப் பாடவேண்டும் என்று மட்டும் அனுமதி கொடுத்திருந்தார். அக்கா சமர்த்தாகத் தலையாட்டினாள். அவள் தலையாட்டினால் நம்பக்கூடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குப் பார்த்துத் தங்கை நம்பித் தொலைத்தாள்.

தங்கைக்கு ஒலிப்பதிவுதான் பிழைப்பு. ஒத்திகையில் பூனையாக இருக்கும் பாடகர்கள் பதிவில் புலியாகிவிடுவார்கள் என்று, சத்தத்தைக் காட்டும் அளவுமானியில் மேலே எப்போதும் கொஞ்சம் இடம் விட்டுவைப்பாள். அன்று விடவில்லை. அக்கா மெல்லத்தானே பாடப்போகிறாள், மூச்சுகூடத் தவறிவிடக்கூடாது என்று மைக்கின் அளவைத் தாராளமாக ஏற்றிவைத்தாள். பாசம் வந்தால் படித்த பாடமெல்லாம் பறந்துவிடும் போலிருக்கிறது.

ஹெட்போனை மாட்டியதும் அறை கரைந்துபோயிற்று. கண்ணாடிக்கு அப்பால் பிற்பகல் வெளிச்சத்தில் அக்கா நின்றாள். ஆனால் குரல் காதுக்குள் குடியேறியிருந்தது. சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு, அம்மாவுக்குக் கேட்காமல் பாடிக் காட்டிய அதே குரல். திரையில் பச்சை அலைகள் மெல்ல ஊர்ந்தன. தங்கைக்குக் கண் செருகியது. தான் வேலை பார்க்க உட்கார்ந்திருக்கிறோம் என்பதே மறந்துவிட்டது.

கடைசிச் சரணத்தில் அக்கா தன் வேலையைக் காட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு உச்சத்துக்குப் போனவள் இறங்க மனமில்லாமல் அங்கேயே நின்றாள். காதில் இரைச்சல். தங்கை பதறிப்போய் வெளியீட்டு அளவைச் சட்டென்று இறக்கினாள். அதனால் காதுக்குப் போகும் சத்தம்தான் குறைந்தது. இறக்கியிருக்க வேண்டியது மைக்கிலிருந்து உள்ளே வரும் அளவை. இருபது வருட அனுபவத்தில் இப்படி ஒரு தப்பு. சுதாரிப்பதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. மைக்கின் அளவுமானியில், சத்தம் எல்லை மீறியதைக் காட்டும் சிவப்பு அப்படியே நின்றது. அப்படிப் பதிவான குரல் கரகரவென்று கிழிந்தே இருக்கும். இனி எதைக் குறைத்தும் அதை ஒட்டவைக்க முடியாது.

அக்கா கழுத்தைத் தடவிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரியா வரலைன்னா சொல்லு. இன்னொரு தடவை பாடறேன்."

உண்மையைச் சொன்னால் பாடியே தீருவாள். தங்கை வெளியீட்டு அளவை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய், கிழிசல் காதில் படாதபடி கிசுகிசுப்பாகப் பாட்டை ஓடவிட்டாள். பிரமாதமாக வந்திருப்பதாக வாய் கூசாமல் சொன்னாள்.

அக்கா காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு கையை நீட்டித் தானே அளவை மேலே தள்ளினாள். உச்சம் வந்தது, அறை முழுக்கக் கரகரத்தது. தங்கைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தப்பு முழுக்கத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு, மறுபடி மட்டும் பாடவேண்டாம் என்று கெஞ்சினாள்.

அக்கா அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னாள். கேட்டாள். இன்னொரு முறையும் போடச் சொன்னாள்.

"உன் மெஷினுக்கே தாங்கலையா?"

"தாங்கலைக்கா."

"அவ்வளவு இருந்துச்சா, இன்னும் என்கிட்ட?"

ஒரு மாதமாக, தன் குரல் ஏற்கெனவே போய்விட்டது என்றே எண்ணி யாருக்கும் தெரியாமல் அழுதுகொண்டிருந்தவள் அவள்.

"இதை அழிச்சிடாதே" என்றாள். அதற்குப் பிறகு, இன்னொரு தடவை பாடுகிறேன் என்றுகூடச் சொல்லாமல், அன்று முழுவதும் அக்கா வாயே திறக்கவில்லை.